மீட்க முடியாத பதினான்கு பதிவுகள்

ஓசூரில் சின்னக் கம்பெனி முதலாளிகளிடம் மென்பொருள் விற்பது சுலபம். டேட்டாபேஸ் பற்றிப் பேசுவதுதான் கஷ்டம். மென்பொருள் கண்ணுக்குத் தெரியும். கட்டங்கள் இருக்கும், நிறங்கள் இருக்கும், அச்செடுத்தால் கம்பெனிப் பெயர் கொட்டை எழுத்தில் வரும். எழுதியதையெல்லாம் சேர்த்து வைக்கும் டேட்டாபேஸ் எங்கோ அடியில் கிடக்கும். வீடு வாங்க வந்தவரிடம் செப்டிக் டேங்கைப் பற்றி ஆரம்பித்தால் முகம் எப்படிப் போகுமோ, அப்படித்தான் போகும் அவர்களுக்கும்.

அதனால் நானும் அதிகம் பேசுவதில்லை. என் பெயர் ஃபெபா. இராயக்கோட்டை சாலையில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் ஒற்றை அறையில் உட்கார்ந்து, உற்பத்திக் கூடங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். சிப்காட் தொழிற்பேட்டையிலும் சூளகிரிப் பக்கமும் நாற்பது இடங்களில் என் மென்பொருள் ஓடுகிறது. அதில் முப்பத்தெட்டு இடங்களில், மென்பொருளுக்குள்ளேயே சேர்ந்து வரும் டேட்டாபேஸைத்தான் போட்டிருந்தேன். அது ஒரே ஒரு கோப்பு. போட்டால் வேலை முடிந்தது. இன்னொரு வழி எஸ்.க்யூ.எல். சர்வர், சுருக்கமாக எஸ்.க்யூ.எல். அதற்குத் தனியாக ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், தினமும் கவனிக்க ஆள் வேண்டும்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது பொறுமையாகக் கேட்டால் ரேஷன் கடையைத்தான் உதாரணம் சொல்வேன். உள்ளே சேர்ந்து வருவது, கவுன்டரில் ஆளில்லாத ரேஷன் கடை. வருகிறவர்கள் நேரே உள்ளே போய் மூட்டையில் கைவிட்டு அள்ளிக்கொள்ளலாம். ஒருத்தர் இரண்டு பேர் வந்துபோகிற கடையில் அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. எஸ்.க்யூ.எல். என்றால் கவுன்டரில் ஆள் இருக்கிறார். மூட்டையை அவர் மட்டும்தான் தொடுவார், அதுவும் பில்லில் எழுதிவிட்டுத்தான் தொடுவார். நடுவில் கரண்ட் போனாலும், பில்லைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

ஹரீஷ்குமாரின் கம்பெனி சிப்காட் இரண்டாம் கட்டத்தில் இருக்கிறது. கியர்களை உலையில் சூடேற்றிக் கடினமாக்கிக் கொடுக்கும் தொழில். நாற்பது பேர், மூன்று ஷிப்டு, இரண்டு மின் உலைகள். நான் மென்பொருள் போட்டபோது அங்கே ஒரே கம்ப்யூட்டர்தான் இருந்தது. உள்ளே வரும் டேட்டாபேஸே போதும் என்று நான்தான் சொன்னேன். அன்றைக்கு அது சரியான முடிவும்கூட. இரண்டு வருடத்தில் கம்ப்யூட்டர்கள் ஐந்தாகின. ஐந்தும் அந்த ஒரே கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதின.

"சார், எஸ்.க்யூ.எல்.லுக்கு மாறிடலாம்" என்று ஒருமுறை சொன்னேன்.

"ஓடுதுல்ல மேடம்? ஓடறத எதுக்குத் தொடணும்?" என்றார்.

நான் இரண்டாம் முறை சொல்லவில்லை. அதற்குக் காரணம் அவரில்லை. மாற்றினால் பராமரிப்பு முழுக்க என் தலையில் விழும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உட்கார்ந்திருக்கும்போதுகூட ஃபோன் அடிக்கும் என்று எனக்குத் தெரியும். என் சோம்பேறித்தனத்தை ஒளித்து வைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். உலைப் பக்கம் வேலை செய்கிறவர்கள் அரை மணிக்கு ஒருமுறை வெப்ப அளவை நோட்டில் எழுதுவார்கள். அந்த நோட்டை நிறுத்தச் சொன்னதும் நான்தான். பயிற்சி கொடுத்த அன்று எல்லாரையும் நிற்க வைத்து, "இனிமே கம்ப்யூட்டர்ல இல்லன்னா அது நடக்கவே இல்லன்னு அர்த்தம்" என்று பெரிய மனுஷி மாதிரி அறிவித்தேன். உலையின் வெப்பத்தைத் தாளில் தானாகக் கோடு கிழித்துக் காட்டும் ஒரு கருவி உண்டு. அது பழுதானபோது, அதுதான் கம்ப்யூட்டர் வந்துவிட்டதே என்று யாரும் சரிசெய்யவில்லை.

அந்த வருட ஆயுத பூஜை வெள்ளிக்கிழமையில் வந்தது. பூஜை நேரத்தில் எந்த மிஷினும் ஓடக்கூடாது என்பது ஹரீஷ்குமார் கம்பெனியின் வழக்கம். ஒவ்வொன்றாக அணைக்க மாட்டார்கள். மெயின் சுவிட்சையே இறக்கி, அதற்கே சந்தனமும் குங்குமமும் வைத்து, ஆரத்தி காட்டி, முதலாளி தன் கையால் மறுபடி ஏற்றுவார். பத்தரைக்கு ராகு காலம். ஆகவே பத்து மணிக்குள் இறக்கிவிட்டார்கள். கரண்ட் போனால் கைகொடுக்க யு.பி.எஸ். இருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். யு.பி.எஸ்.ஸும் மிஷின்தானே? அதையும் பக்தியோடு அணைத்து, தலையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டார்கள். ஐந்து கம்ப்யூட்டரிலும் என் மென்பொருள் திறந்தே இருந்தது. திரை இருட்டாக இருந்ததால் கம்ப்யூட்டரும் அணைந்துதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

மதியம் மேகலா ஃபோன் செய்தாள். அங்கே தரம் பார்ப்பது அவள் வேலை. "அக்கா, சாஃப்ட்வேர் தொறக்கவே மாட்டேங்குது" என்றாள்.

போய்ப் பார்த்தேன். கோப்பு உடைந்திருந்தது. உடைந்த கோப்பை அப்படியே ஒரு நகல் எடுத்து என் லேப்டாப்பில் போட்டுக்கொண்டேன், அது கைப்பழக்கம். பிறகு பழுது பார்க்கும் கருவியை ஓடவிட்டேன். என் இடது கையில் பொரியும் பொட்டுக்கடலையும் இருந்த பொட்டலம். நான்கு நிமிடம் கழித்துத் திரையில் ஒரு செய்தி வந்தது. பதினான்கு பதிவுகளை மீட்க முடியவில்லை என்றது. கீழே 'ஓகே' என்று ஒரே ஒரு பொத்தான். அழுத்தினேன். எந்தப் பதினான்கு என்று பார்க்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. "ரெடியாயிடுச்சுப்பா" என்று மேகலாவிடம் சொல்லிவிட்டு, பொரியைத் தின்றுகொண்டே வண்டியை எடுத்தேன்.

தை மாதம், இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை. மாலை நான்கு மணிக்கு மேகலாவிடமிருந்து மறுபடி ஃபோன்.

"அக்கா, பெங்களூர் கஸ்டமர் கம்பெனிலேர்ந்து வெங்கட் சார் வியாழக்கெழம வராரு. ஆயுத பூஜ அன்னிக்கு எடுத்த லோடோட ரெக்கார்ட நேரா டேட்டாபேஸ்லயே காட்டச் சொல்றாரு. அதுல ஒண்ணுமே இல்ல. இல்லைங்கறத எப்படிக்கா காட்டறது?"

"ஒண்ணுமே இல்லன்னா?"

"கங்கப்பண்ணன்தான் எழுதவே இல்லையே. அதுக்குத்தான அவர ஒலைலேர்ந்து எடுத்து பேக்கிங்ல போட்டாங்க. ரெண்டு மாசம் ஆச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. மேகலாதான் முழுக்கச் சொன்னாள். பூஜையன்று காலையில் உலையிலிருந்து வெளியே எடுத்த லோடில், ஒரே தடவையில் சூடேற்றிய அந்தக் கூட்டத்தில், கொஞ்சம் கியர்கள் மெத்தென்று இருந்திருக்கின்றன. வெங்கட்டின் கம்பெனியில் வண்டியில் மாட்டிச் சோதித்தபோது பற்கள் தேய்ந்துவிட்டன. கார்த்திகையில் புகார் வந்தது. அந்த லோடைப் பார்த்துக்கொண்டவர் கங்கப்பன். தேன்கனிக்கோட்டைக்காரர், பத்தொன்பது வருடமாக அதே உலையில் இருப்பவர். "சார்தான் பூஜைக்கு டைம் ஆச்சு, சீக்கிரம் எடுன்னாரு. அதையும் கம்ப்யூட்டர்ல எழுதி வச்சேன்" என்று அவர் சொல்லியிருக்கிறார். ஹரீஷ்குமார் தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றிருக்கிறார். கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார்கள். அரை மணிக்கு ஒன்றாக இருக்க வேண்டிய அளவுகளில் ஒன்றுகூட இல்லை. ஆக, கங்கப்பன் உலையைக் கவனிக்கவில்லை, அளவு எழுதவில்லை, மாட்டிக்கொண்டதும் முதலாளி மேல் பழி போடுகிறார். இதுதான் தீர்ப்பு. வியாழக்கிழமை வெங்கட்டிடம் காட்டிவிட்டால் அவரை வேலையிலிருந்தே அனுப்பிவிடுவார்கள்.

இரண்டு மாதத்தில் ஒருத்தருக்குக்கூடக் கம்ப்யூட்டரைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. ஏன் தோன்றும்? அதில் இல்லாவிட்டால் நடக்கவே இல்லை என்று சொல்லிக்கொடுத்தவள் நானல்லவா?

ஃபோனை வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். உடைந்த கோப்பின் நகல் அப்படியே இருந்தது. மென்பொருளில் திறந்தால் திறக்காது. ஆனால் எழுத்துகளை மட்டும் காட்டும் சாதாரண நிரலில் திறந்தால், குப்பைக் குறிகளுக்கு நடுவே மனிதர்கள் அடித்த எழுத்துகள் கிடக்கும். உலைப் பக்கத்து ஆட்கள் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிப்பார்கள். 'பூஜை' என்று அதே மாதிரி அடித்துத் தேடினேன்.

கிடைத்துவிட்டது. கோப்பின் கடைசிப் பக்கம். மெயினை இறக்கிய நேரத்தில் அந்தப் பக்கத்தின் இணைப்பு மட்டும் அறுந்திருக்கிறது. பழுது பார்க்கும் கருவி பக்கத்தையே மொத்தமாகத் தூக்கி எறிந்துவிட்டது. அதிகாலை இரண்டரையிலிருந்து காலை ஒன்பது மணிவரை அரை மணிக்கு ஒன்றாகப் பதினான்கு அளவுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கங்கப்பனின் எண். ஒன்பது மணிப் பதிவில், குறிப்பு எழுதும் இடத்தில் இப்படி இருந்தது: 'பூஜை டைம். சார் எடுக்க சொன்னார். 50 நிமிஷம் பாக்கி. சொல்லியும் எடுக்க சொன்னார். எடுத்துட்டேன்.'

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, வெட்கம். அந்த மனிதர் நான் சொல்லிக்கொடுத்தபடி, ஒரு எழுத்து குறையாமல், தனக்கு வரப்போகிற ஆபத்துக்கும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறார். பொரி தின்றுகொண்டே அதை அழித்தவள் நான்.

என் கணவர் எட்சனிடம் அன்று மாலை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு பம்பு கம்பெனியில் சூப்பர்வைசர். இந்த ஊர்த் தொழிற்கூடங்களில் செய்தி எவ்வளவு வேகமாகப் பரவும் என்று அவருக்குத் தெரியும். "வியாழக்கெழம நான் லீவு போடட்டுமா?" என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றேன். இது நான் தனியாகப் போய் நிற்க வேண்டிய இடம்.

புதன்கிழமை காலை ஹரீஷ்குமார் கம்பெனிக்குப் போனேன். வாசலை ஒட்டிய பேக்கிங் பகுதியில் கங்கப்பன் அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க மேடம். நல்லா கீறீங்களா?"

"நல்லா இருக்கேண்ணா. நீங்க அன்னிக்கு எழுதுனீங்களாமே..."

அவர் டேப்பின் முனையை நகத்தால் தேடிக்கொண்டே சொன்னார்: "எழுதுனேன்னுதான் மொதல்ல சொல்லிக்கினு இருந்தேன். அல்லாரும் இல்லைங்கறாங்க. கம்ப்யூட்டரும் இல்லைங்குது. எழுதாம வுட்டுட்டேன் போல மேடம்."

அங்கேயே சொல்லிவிடத் தொண்டைவரை வந்தது. ஆனால் பேக்கிங்கில் நின்று இரண்டு பேர் பேசிக்கொள்வதால் அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. எங்கே பொய்யர் ஆனாரோ அங்கேதான் அது நேராக வேண்டும். "நாளைக்குக் காலைல மீட்டிங் ரூம் பக்கத்துலயே இருங்கண்ணா. கூப்பிடுவேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

ஹரீஷ்குமார் கெட்டவர் இல்லை. கோபக்காரர், அவசரக்காரர், ஒரே நேரத்தில் நான்கு காரியம் பார்க்கிறவர். அச்செடுத்த தாளை அவர் முன்னால் வைத்து, என் ஓகேயிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். தாளை இரண்டு முறை படித்தார்.

"அவரு எழுதிட்டா, நான் சொன்னதா ஆயிடுமா?"

"சார், இது எழுதுனது ஐப்பசி கூடப் பொறக்காதப்ப, பூஜ அன்னிக்குக் காலைல ஒம்பது மணிக்கு. புகார் வந்தது கார்த்திகைல. வரப்போற புகாருக்கு அப்பவே பொய் எழுதி வச்சாரா?"

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அந்தக் காலை அவருக்கு ஞாபகம் வந்துகொண்டிருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. ஐயர் வந்து காத்திருந்தது, பூசணிக்காய் வந்து சேராதது, ஃபோனில் யாரோ, அதற்கு நடுவே உலைப் பக்கம் திரும்பிக் கையை ஆட்டியது.

கொஞ்ச நேரத்தில் அவர் குரல் மாறிவிட்டது. கனிவாகப் பேசினார். "மேடம், நீங்க முன்னாடியே எஸ்.க்யூ.எல். போடலாம்னு சொன்னீங்க. போட்டுடலாம். இந்த யூனிட்டு மட்டுமில்ல, எங்க மாமாவோட சூளகிரி யூனிட்டுலயும் நீங்களே போடுங்க. புதுசா, சுத்தமா ஆரம்பிப்போம். பழைய குப்பைய எதுக்கு அங்க தூக்கிக்கிட்டுப் போகணும்?"

நான் ஒரே ஒருமுறை கேட்டுவிட்டுக் கைவிட்ட எஸ்.க்யூ.எல். என் மேஜைக்கே வந்துவிட்டது, கங்கப்பனை மட்டும் வெளியே விட்டுவிட்டு.

"சார், எஸ்.க்யூ.எல். என்ன செய்யும்னு ஒருதடவ சரியா சொல்லிடறேன். அதுல யார் எழுதுனாலும் பேரும் நேரமும் சேர்ந்து நிக்கும். யார் அழிச்சாலும், அழிச்சாங்கங்கறதும் நிக்கும். அப்படித்தான் நான் அமைப்பேன். நீங்க அழிச்சாலும் நிக்கும், நான் அழிச்சாலும் நிக்கும். அதுல மொதல்ல ஏறப்போறது இந்தப் பதினாலு பதிவுதான்."

"அப்படின்னா இருக்கறதே இருக்கட்டும்" என்றார் சட்டென்று.

"இருக்கறது ஒடஞ்ச கோப்பு சார்."

அவர் எழுந்து ஜன்னலருகே போனார். "நாப்பது பேரு இங்க வேலை செய்யறாங்க. நாளைக்கு வெங்கட் ஆர்டர நிறுத்திட்டா நாப்பது பேரும் வீட்டுக்குப் போகணும். ஒருத்தர காப்பாத்தறதுக்கு?"

"அந்த நாப்பதுல அவரும் ஒருத்தருதான சார்? நாளைக்கு அடுத்த தப்பு வந்தா, அடுத்தவர அனுப்புவீங்களா?"

"உங்களுக்கு மட்டும் நல்ல பேரா கெடைக்கும்? ரெக்கார்ட அழிச்ச மேடம்னு சிப்காட் முழுக்கச் சொல்லுவாங்க. யாரு உள்ள வுடுவாங்க உங்கள?"

அவர் சொன்னது பயமுறுத்தல் இல்லை, உண்மை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பதினோரு வருடம் ஒவ்வொரு கேட்டாக ஏறி இறங்கிப் பிடித்த நாற்பது இடங்கள். "சொல்லட்டும் சார்" என்றேன். மேஜைமேல் இருந்த தாளை எடுத்து மடித்துப் பையில் வைத்தேன். "நாளைக்கு நீங்க சொன்னா நல்லது. சொல்லலன்னா நான் சொல்லுவேன். ஒளிச்சு வச்சுச் சொல்றேன்னு இருக்கக் கூடாதுன்னுதான் இன்னிக்கே வந்தேன்."

வியாழக்கிழமை பத்து மணிக்கு வெங்கட் வந்தார். அத்திப்பள்ளிப் பக்கத்து ஆள். கன்னடம்தான் வீட்டுப் பேச்சு, தமிழும் தடங்கலில்லாமல் வரும். மீட்டிங் ரூமில் நான்கு பேர்: அவர், ஹரீஷ்குமார், மேகலா, நான். ஹரீஷ்குமார் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆபரேட்டர் ரீடிங் எடுக்கல சார். அது எங்க தப்பு. இனிமே அப்படி நடக்கக்கூடாதுன்னு எஸ்.க்யூ.எல். சிஸ்டம் போடறோம். மேடம் அதைப் பத்திச் சொல்லுவாங்க" என்று அவர் ஆரம்பித்தார்.

ஆக, அவர் வாயால் அது வரப்போவதில்லை. நான் எழுந்து நின்றேன்.

"சார், ரீடிங் எடுக்கலங்கறது தப்பு. எடுத்தாங்க. பதினாலும் எடுத்தாங்க. அது போனதுக்குக் காரணம் நான்" என்று தொடங்கி, மெயினை இறக்கியது, யு.பி.எஸ்., உடைந்த கோப்பு, அந்த ஒற்றைப் பொத்தான் வரை சொன்னேன். லேப்டாப்பைத் திருப்பிக் கோப்பின் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். அச்செடுத்த தாளையும் கொடுத்தேன். மேகலா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

வெங்கட் தாளைப் படித்துவிட்டு, "எழுதுன ஆள கூப்பிடுங்க" என்றார்.

கங்கப்பன் கதவருகே வந்து நின்றார். உள்ளே வரச்சொல்லி இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. வெங்கட் தாளை அவரிடம் நீட்டினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து விரலை வைத்து மெல்லப் படித்தார். இரண்டரை மணி. மூன்று. மூன்றரை. யாரும் அவசரப்படுத்தவில்லை. ஒன்பது மணி வரிக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. அந்தக் குறிப்பை வாய்க்குள் முணுமுணுத்தார். மறுபடி படித்தார்.

"எழுதிக்கீறேன்" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. பிறகு வெங்கட்டிடம் திரும்பி, தெளிவாக, உரத்து, கன்னடத்தில் சொன்னார்: "நானு பர்தித்தீனி ஸார்." தான் எழுதியிருப்பது அந்த அறையில் எந்தப் பாஷை பேசுகிறவருக்கும் புரியாமல் போய்விடக் கூடாது என்று நினைத்தது போல இருந்தது அது.

வெங்கட் ஹரீஷ்குமாரைப் பார்த்தார். மேஜைமேல் இருந்த பேனாவை ஹரீஷ்குமார் எடுத்தார், மூடியைத் திறந்தார், மூடினார்.

"நான்தான் சார் எடுக்கச் சொன்னேன்" என்றார். "ராகு காலம் வந்துடும்னு அவசரம். அவரு அம்பது நிமிஷம் இருக்குன்னாரு. நான் காதுல வாங்கல. அப்புறம்... எனக்கு நெசமாவே ஞாபகம் இல்லன்னு நெனச்சுக்கிட்டேன்."

அதற்குப் பிறகு பேசியது எல்லாம் வேலை. அந்த லோடில் மிச்சமிருக்கும் கியர்களை ஒன்றுவிடாமல் சோதிக்க வேண்டும். ஆறு மாதம் ஒவ்வொரு லோடின் பதிவும் பெங்களூருக்குப் போக வேண்டும். ஒரு மாதத்துக்குள் எல்லாப் பதிவும் எஸ்.க்யூ.எல்.லில் இருக்க வேண்டும். ஆர்டரை நிறுத்துவது பற்றி வெங்கட் பேசவில்லை. புறப்படும்போது மேகலாவிடம், "இந்த ஆபரேட்டர் எப்ப உலைக்குத் திரும்பறார்?" என்று மட்டும் கேட்டார்.

"இன்னிக்கு ரெண்டாவது ஷிப்டே" என்று ஹரீஷ்குமார் பதில் சொன்னார்.

வெங்கட்டின் கார் போன பிறகு அவர் என்னைக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று தயாராக நின்றேன். "நீங்களே போடுங்க மேடம் அந்த எஸ்.க்யூ.எல்.ல. வேற யாரையாவது கூப்பிட்டா இந்தக் கதைய மறுபடி மொதல்லேர்ந்து சொல்லணும்" என்றார். சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ஆனால் மாமாவின் சூளகிரி யூனிட் பற்றி அவர் மறுபடி பேச்செடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று மதியம் அங்கேயே உட்கார்ந்து, ஒற்றைக் கோப்பில் ஓடும் மற்ற இடங்களில் இரண்டுக்கு மேல் கம்ப்யூட்டர் எங்கெங்கே இருக்கிறது என்று பட்டியல் போட்டேன். பதினோரு இடம். பதினோரு முதலாளிகளிடமும் போய், அவர்கள் கேட்கிறார்களோ இல்லையோ, இங்கே நடந்ததை என் பெயரோடு சொல்லி, மாற்றச் சொல்ல வேண்டும். சிப்காட் முழுக்கச் செய்தி பரவத்தான் போகிறது. அதை நானே பரப்பினால் சுருக்கமாகவாவது இருக்கும்.

இரண்டரை மணிக்குக் கிளம்பும் முன் உலைப் பக்கம் போனேன். கங்கப்பன் அதற்குள் பழைய காக்கிச் சட்டைக்கு மாறியிருந்தார். அளவு காட்டும் கருவியின் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். சுற்றி வளைக்காமல், "என்னாலதான் இவ்வளவும் உங்களுக்கு வந்தது, மன்னிச்சிடுங்கண்ணா" என்றேன்.

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லிருந்தா போதும் மேடம். பதினாலு காணோம்னு சொல்லிருந்தா, அப்பவே உக்காந்து மறுபடி எழுதிக் குடுத்துருப்பேன். அல்லாம் மனசுல இருந்துச்சு."

தலையை ஆட்டினேன்.

துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். பாதி காலியாகியிருந்தது. அதை என் கையில் வைத்தார்.

"எழுதுனேன் எழுதுனேன்னு வூட்ல பொலம்பிக்கினே இருந்தேன். எங்கூட்டு நாகம்மா பயந்துட்டா. எழுதாதத எழுதுனேன்னு சொல்றாரே, ஞாபகம் தப்புதுன்னு கிருஷ்ணகிரி டாக்டர்கிட்ட இட்டுக்கினு போனா. ரெண்டு மாசமா ராவுல ஒண்ணு, காலைல ஒண்ணு. பொண்ணு என்னை வண்டி ஓட்ட வேணான்னுட்டா." அவர் என்னை நேராகப் பார்த்தார். "நானும் நம்பிட்டேன் மேடம். எனக்கு மறதி வந்துடுச்சுன்னு நானே நம்பிட்டேன். இத இன்னும் சாப்புடணுமா?"

உலை சூடேறிக்கொண்டிருந்தது. அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மீட்டிங் ரூமில் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

"டாக்டர் எப்ப இருப்பாருண்ணா?"

"நாளைக்குச் சாயந்திரம். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வருவாரு."

"நாகம்மாக்காவையும் கூட்டிட்டு வாங்க, நான் காரோட வரேன். நீங்க எதையும் மறக்கல, நான்தான் அழிச்சேன்னு ரெண்டு பேர்கிட்டயும் என் வாயால சொல்றேன்."